இராசமலர் தெளித்த பட்டம்

யாழ்ப்பாணத்து அச்சுவேலிச் சந்தையில் மீன் விற்கும் இராசமலர் மயிலிட்டியில் பிறந்தவர். 1990இல் எட்டு வயதில் போரால் இடம்பெயர்ந்தார். 2017இல் முப்பத்தைந்து வயதில் திரும்பி வந்தார். இடையில் முகாமில் எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. கணவர் பிரகலாதன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஐஸ் தொழிற்சாலையில் படகுகளுக்கு ஐஸ்கட்டி ஏற்றுகிறார். ஒரே பிள்ளை ஆரணி பத்தாம் தரம் படிக்கிறாள்.

ஒருவருக்குப் பிறப்புப் பதிவில் எந்தப் பெயர் இருந்தாலும், சந்தையில் அவர் எந்தப் பெயரால் அழைக்கப்படுவார் என்பதைத் தீர்மானிப்பது இராசமலர்தான். பட்டம் தெளிப்பதில், அதாவது பட்டப்பெயர் வைப்பதில், அவரை மிஞ்ச ஆள் இல்லை. எதைக் கேட்டாலும் "நாளைக்கு வாங்கோ" என்று சொன்ன அரசாங்கக் கந்தோர் எழுதுவினைஞர் "நாளைக்கர்" ஆனார். ஒவ்வொரு மீனின் கண்ணையும் குனிந்து பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் போன ஓய்வுபெற்ற நில அளவையாளர் "கண் டொக்டர்" ஆனார். அவர் காலமானபோது ஒட்டிய கண்ணீர் அஞ்சலியில் அவருடைய பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அதையும் அச்சிட்டிருந்தார்கள். அச்சிடாவிட்டால் இறந்தது யார் என்று சனத்துக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே, தன் பிள்ளைக்கு ஒரு பட்டம் விழுந்ததைக் கேட்டபோது இராசமலர் அதைக் குறையாக எடுக்கவில்லை. தை மாதம் பஸ் தரிப்பிடத்தில் நாலைந்து பிள்ளைகள் ஆரணியைப் பார்த்து "ஐஸ், ஐஸ்" என்று கூப்பிட்டார்கள். தகப்பனின் வேலையால் வந்த பெயர், நல்ல குளிர்ச்சியான பெயர் என்று நினைத்தார். அன்றிரவே வீட்டிலும் தொடங்கிவிட்டார்.

"என்ரை ஐஸ், சாப்பிட வா மோள்!"

ஆரணி வந்து சாப்பிட்டாள்.

பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன சாப்பாடு அப்படியே திரும்பி வரத் தொடங்கியது. தண்ணீர்ப் போத்தலும் நிறைந்தபடியே வந்தது. ஞாயிறு பின்னேரங்களில் வயிற்றுவலி வந்தது. வழக்கமான பஸ்ஸை விட்டுவிட்டு, அதற்குப் பிந்திய பஸ்ஸில் தனியே வந்தாள். இவை ஒவ்வொன்றுக்கும் இராசமலரிடம் ஒரு காரணம் இருந்தது. சாப்பிடாததற்கு வெயில், வயிற்றுவலிக்கு வயது, பஸ்ஸுக்குப் பராக்கு. புத்தகப் பையில் சின்னப் பொலித்தீன் பைகளில் உடைத்த கற்கண்டு கிடந்தது. கோயிலில் கொடுத்ததாக்கும் என்று எடுத்து, பின்னேரத் தேத்தண்ணிக்குக் கடித்துக் குடித்தார். கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பிள்ளை சொல்லியிருப்பாளா என்பது வேறு விடயம்.

ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ஆரணி பள்ளிக்கூடம் விட்டுச் சந்தைக்கு வந்தாள். இராசமலர் குரல் கொடுத்தார்.

"ஐஸ்! அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு ஓடி வா பிள்ளை!"

மோட்டார் சைக்கிளில் இருந்த இரண்டு பெடியள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் கேட்டான்: "அக்கா, ஒரு கிராம் என்ன விலை?"

மீன்காரிக்குப் பகிடி விட்டால் சும்மா இருப்பாரா? "கிராமிலை இல்லையடா தம்பி. எங்கடை வீட்டிலை கட்டி கட்டியாத்தான் கிடக்கு!"

பெடியள் மோட்டார் சைக்கிளோடு விழாத குறையாகச் சிரித்தார்கள். ஆரணி கத்தியைக் கல்லில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள்.

பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த சந்தியோகு சிரிக்கவில்லை.

"மலர், உந்தப் பேரைச் சொல்லிப் பிள்ளையைக் கூப்பிடாதை."

"ஏனண்ணை? தேப்பன்ரை தொழில்தானே?"

"உவங்கள் கேட்டது மீனுக்குப் போடுற ஐஸ் இல்லை. பேப்பரிலை வாற போதைப்பொருள். பொலிஸ் பிடிக்கிறது. உன்ரை மனுசன் கொம்பனியிலை ஒளிச்சு வைச்சு அதைத்தான் விக்கிறான் எண்டு பள்ளிக்கூடம் முழுக்கக் கதை. என்ரை பேத்தி சொன்னவள். உனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் சிரிக்கிறாய் எண்டெல்லோ நினைச்சன்."

இராசமலருக்குக் கற்கண்டு நினைவு வந்தது. பாதி வெட்டிய பாரை மீனை அப்படியே விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார்.

வீட்டில் ஆரணி சொன்னாள். தொடக்கியவள் வகுப்புத் தலைவி கோபிகா. பார்வைக்கு அந்த ஐஸ் மாதிரியே இருக்கும் கற்கண்டை உடைத்துச் சின்னப் பையில் போட்டு ஆரணியின் புத்தகங்களுக்குள் செருகிவிட்டு, "ரீச்சர், இவள் என்னவோ கொண்டு வந்திருக்கிறாள்" என்றாளாம். ரீச்சர் முழு வகுப்புக்கும் முன்னால் பையைக் கொட்டி, வாயில் வைத்துப் பார்த்து, "இனிக்குதடி" என்றாராம். வகுப்பே சிரித்ததாம். அதன்பிறகு நெடுகக் கற்கண்டு. தண்ணீர் குடித்தால் கழிப்பறைக்குப் போகவேண்டும், அங்கே வழிமறித்துக்கொண்டு நிற்பார்களாம்.

"ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்களும் அப்பிடித்தானே கூப்பிட்டனீங்கள். சொன்னா நீங்களும் சிரிப்பியள் எண்டு நினைச்சன்." சிறிது நேரம் கழித்து, "நான் இனிப் போகமாட்டன் அம்மா" என்றாள்.

அடுத்த வருடம் சாதாரணதரப் பரீட்சை. தன்னைப் போலப் பிள்ளையும் படிப்பைப் பாதியில் விட்டுவிடப் போகிறாள் என்பது இராசமலருக்கு விளங்கியது. அன்று அவர் அழவில்லை. யாரை எப்படிப் பிடிப்பது என்று யோசித்தார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட அதிபர் சோமசேகரத்திடம் போனார். அதிபர் கடிதங்களில் ஒப்பம் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"பிள்ளையளின்ரை பகிடி அம்மா. பகிடியைப் பகிடியா எடுக்க வேணும்."

"என்ரை பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டன் எண்டுறாள் சேர்."

"ரெண்டு நாளிலை வருவா. நீங்கள் உதைப் பெரிசாக்காதேங்கோ."

"சம்பவத்திரட்டுப் புத்தகத்திலை எண்டாலும் எழுதுங்கோவன்."

அதிபர் தலையை உயர்த்திச் சிரித்தார். "உதையெல்லாம் எழுதினா எனக்குப் புத்தகம் காணாது."

பல்கலைக்கழகத்தில் நடந்தால் இதைப் பகிடிவதை என்று எழுதி விசாரணை வைப்பார்கள். பள்ளிக்கூடத்தில் வதையைக் கழித்துவிட்டுப் பகிடியை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள்.

சனிக்கிழமை அதிபர் பையோடு மீன் வாங்க வந்தார். சந்தை நிறைந்த நேரம்.

"வாங்கோ பகிடியர்! நல்ல விளைமீன் கிடக்கு, பகிடியர்!"

முதலில் யாரைச் சொல்கிறார் என்று அவருக்கு விளங்கவில்லை. மற்றவர்களுக்கு விளங்கிவிட்டது. மரக்கறிப் பகுதிக்கு அவர் போய்ச் சேர்வதற்கு முன்னமே பெயர் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. ஓட்டோக்காரர் எடுத்துக்கொண்டார்கள். சவரக்கடை எடுத்துக்கொண்டது. கோயில் வீதியில் அவருடைய மனைவியைக் காட்டி, "உவதான் பகிடியற்றை பெண்சாதி" என்றார்கள். கடைசியில் பள்ளிக்கூட மதிலில் கரியால் எழுதியிருந்தது.

மூன்றாம் வாரம் அதிபர் பையில்லாமல் வந்தார்.

"இஞ்சை பாரும், நான் ஒரு அதிபர். இந்த வயசிலை எனக்குப் பட்டம் தெளிக்கிறீரோ?"

"பகிடிதானே சேர். பெரிசாக்காதேங்கோ."

"பெடியள் வகுப்பிலை முதுகுக்குப் பின்னாலை சொல்லுறாங்கள். எனக்கு ராவிலை நித்திரை இல்லை."

"என்ரை பிள்ளைக்குத் தை மாதம் துடக்கம் இல்லை." இராசமலர் மீனைச் செதில் வழித்துக்கொண்டே இருந்தார். "நீங்கள் பெரிய ஆள். உங்களுக்கே நித்திரை போச்சுதெண்டா, பதினைஞ்சு வயசுப் பிள்ளை என்ன செய்யும்?"

அதிபர் அங்கேயே நின்று, திங்கட்கிழமை காலை கோபிகாவின் பெற்றோரைக் கூப்பிடுகிறேன் என்றார்.

கோபிகாவின் தாய் பத்மாவதிக்கு வங்கியில் வேலை. மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதிபரின் அறையில் நிமிர்ந்து இருந்தார்.

"எங்கடை பிள்ளைக்கு அப்பிடிப் பழக்கம் இல்லை சேர். மீன் சந்தையிலை கதைக்கிறதை இஞ்சை கொண்டுவந்து கதைக்கினம்."

கோபிகாவின் தமையன் கட்டாரில் வேலை செய்வதாக ஊரில் சொல்லியிருந்தார்கள். அவனை ஐஸ் போதைப்பொருளோடு பொலிஸ் பிடித்ததும், நீதிமன்றம் புனர்வாழ்வுக்கு அனுப்பியதும் சந்தையில் இரண்டு பேருக்குத் தெரியும். அதில் ஒருவர் இராசமலர். அந்தக் குடும்பத்துக்கு ஒரு பட்டம் அவருடைய வாயில் ஆயத்தமாக இருந்தது. அன்று அதைச் சொல்லியிருந்தால் பேரப்பிள்ளைகள் காலம்வரை நின்றிருக்கும்.

அதிபர் சம்பவத்திரட்டுப் புத்தகத்தை எடுக்க அலுமாரிப் பக்கம் திரும்பினார். இராசமலர் பத்மாவதியின் காதுப்பக்கம் சரிந்து, மெல்லிய குரலில் கேட்டார்:

"கட்டாரிலை இருக்கிற தம்பி சுகமோ? எப்ப விடுவினமாம்?"

பத்மாவதி சட்டென்று மகளின் பக்கம் பார்த்தார். கோபிகாவுக்கும் கேட்டிருந்தது. அவள் அழத் தொடங்கி, கற்கண்டு வைத்தது தான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னாள். அதிபர் எழுதினார். எழுதியதை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டபிறகுதான் இராசமலர் கதிரையை விட்டு எழும்பினார்.

வாசலில் அதிபர் தணிந்த குரலில் கேட்டார். "என்ரை பேர்?"

"அது இப்ப என்னட்டை இல்லை சேர். ஊரிட்டைத்தான் கேக்க வேணும்."

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது ஆரணி சந்தோசப்படவில்லை.

"அதை வெளியிலை சொல்லப்போறீங்களோ?"

"சொன்னா என்ன? அவள் உனக்குச் செய்தது குறைவோ?"

"சொன்னா அவளுக்கும் அதே பேர்தான் விழும். பிறகு நான் அந்த வகுப்பிலை இருந்து அதைத்தான் நாள் முழுக்கக் கேக்க வேணும். எனக்கு அந்தச் சொல்லே கேக்க ஏலாது அம்மா. சொல்லமாட்டன் எண்டு சொல்லுங்கோ. நான் போறன்."

இராசமலர் "சொல்லமாட்டன்" என்றார்.

இன்றுவரை சொல்லவில்லை. மன்னிக்கவும் இல்லை. ஆரணி திரும்பப் பள்ளிக்கூடம் போன முதல் நாள், இராசமலர் மீன் கழுவிய உடுப்போடு பள்ளிக்கூட வாசல் கேற்றில் போய் நின்று, கோபிகா உள்ளே போகும்வரை கண் வெட்டாமல் பார்த்தார். அடுத்த நாளும் நின்றார். அதற்கடுத்த நாளும் நின்றார்.

"அம்மா, இனிக் கேற்றடிக்கு வராதேங்கோ, வெக்கமாயிருக்கு" என்றாள் ஆரணி. மகளின் சொல்லைத் தட்டாமல், றோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் தேத்தண்ணிக் கடைக்கு மாறினார்.

கோபிகா இப்போது பின் கேற்றால் போகிறாளாம். பின் கேற்றுக்கு எந்த ஒழுங்கை வழியாகப் போகவேண்டும் என்று இராசமலர் நேற்றுச் சந்தியோகுவிடம் விசாரித்திருக்கிறார்.