துணியை இழுத்தால் பல் போகும்

கணவன் கப்பல் வேலைக்குக் கிளம்பிய வெள்ளிக்கிழமை, வாசலில் நிற்க வைத்தே அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்து, நெஞ்சோடு முகத்தை வைத்து நூலைப் பல்லால் கடித்தாள் டெய்லரக்கா. "வீட்ல கத்திரியே இல்லையா?" என்றான். "அதைத் தேடுறதுக்குள்ள உங்க கப்பல் கரை தாண்டிடும்."

கடித்துக் கடித்து முன்பல்லில் நூல் பருமனுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. நாலு குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே அளவெடுப்பாள். ஆனால் டாக்டர் ஊசி போடும் இடத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள்.

அவன் இருந்தவரை ஏழு வயது மகளை அடக்க "அப்பா வரட்டும்" போதுமாயிருந்தது. ஆள் கடலுக்குப் போனதும் அந்த மிரட்டல் செல்லாக்காசாகிவிட்டது. "அவர்தான் வரமாட்டாரே" என்றாள் மகள். அவள் தையல் கடைக்கு எதிர்ச்சாரியில் ஒரு பல் மருத்துவமனை. பெயர்ப்பலகையில் ஆளுயரப் பல் ஒன்று இளித்துக்கொண்டிருக்கும். டெய்லரக்கா அதைக் கைகாட்டினாள். "இன்னொரு தடவை தைக்கிற துணியை இழுத்துப் பாரு. பல் டாக்டர்கிட்ட விட்டுட்டு வந்துடுவேன். மொத்தத்தையும் பிடுங்கிக் கையில குடுத்துடுவாரு." வீட்டுப்பாடம், தூக்கம், தலைவாரல் எல்லாம் சொன்ன பேச்சுக்கு நடந்தன.

அதனால்தான் கடைவாய்ப் பல் வலித்தபோது மகள் மூச்சுவிடவில்லை. கன்னம் வீங்கிக் காய்ச்சல் அடித்த பிறகே தெரிந்தது. டெய்லரக்கா அவளைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தாள். பல் பார்க்கும் நாற்காலியைப் பார்த்ததும் மகள் அவள் கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

"நான் என்னம்மா தப்புப் பண்ணேன்? இனிமே துணியைத் தொடவே மாட்டேன்மா."

அங்கிருந்த டாக்டரம்மா மகளிடம் குனிந்தாள். மகள் அவளைத் தாண்டிப் பார்த்தாள். "பிடுங்குறவரு எங்க?"

"அப்படி யாரும் இங்க வேலை பார்க்கலையே. நான்தான் டாக்டர்."

மகள் நம்பவில்லை. உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். டாக்டரம்மா தாயிடம் குரலைத் தாழ்த்தினாள். "சீழ் கட்டியிருக்கு. இப்பவே திறந்து விடணும். திமிறினா இங்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில மயக்கம் குடுத்துத்தான் பண்ணணும். நீங்க முதல்ல உட்காருங்க, அவ பார்க்கட்டும்."

"நானா?"

"பல்லு உங்களுக்கும் இருக்குல்ல?"

உட்கார்ந்தாள். விளக்கு முகத்தில் விழுந்தது. வாய்க்குள் போனது சின்னக் கண்ணாடி மட்டும்தான். மகளோ தாயின் வாயைப் பார்க்கவில்லை, நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள்.

"அம்மா, உனக்கும் பயமா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். "ஆமாடி. பயமாத்தான் இருக்கு" என்றாள். "நான் உனக்குச் சொன்னதெல்லாம் புளுகு. தப்புப் பண்ணா யாரும் பல்லைப் பிடுங்கமாட்டாங்க."

"புளுகா?"

"வடிகட்டின புளுகு."

மகள் அம்மா மடியில் ஏறி உட்கார்ந்து, "வலிச்சா கையைத் தூக்குவேன், நிறுத்திடணும்" என்று டாக்டரம்மாவிடம் ஒப்பந்தம் பேசிவிட்டு வாயைத் திறந்தாள். இரண்டு முறை தூக்கினாள். இரண்டு முறையும் டாக்டரம்மா நிறுத்தினாள்.

கிளம்பும்போது டாக்டரம்மா, "உங்க கடைவாயிலயும் ஒரு சொத்தை இருக்கு" என்றாள். "பண்டிகைத் தையல் முடியட்டும்" என்று டெய்லரக்கா நழுவினாள். பண்டிகை முடிந்து பள்ளிச் சீருடை வந்தது, அதன்பின் கல்யாணத் துணிகள்.

மாதங்கள் கழித்து ஒருநாள் பல் மருத்துவமனையிலிருந்து போனில் செய்தி வந்தது. 'உங்கள் பல் பரிசோதனைக்கு இன்று நேரம் ஒதுக்கியுள்ளோம். மகளையும் துணைக்கு அழைத்து வரலாம்.' மகள் எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தாள்.

"வலிச்சா கையைத் தூக்கும்மா. நிறுத்திடுவாங்க."

டெய்லரக்கா மிஷினை விட்டு எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு, மகள் பிடித்துக் கூட்டிப்போகட்டும் என்று கையை நீட்டினாள்.