அம்மா வராத இத்தாலிப் பயணம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைப் புரட்டும் உறவினர்களும் நண்பர்களும் நடுப்பக்கத்தில் ஒரு வண்ணப்படத்தைக் காண்பீர்கள். மூன்று பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் இத்தாலியில் ஒரு பண்ணை வீட்டின் முன் நிற்கிறோம். அதில் அம்மாவைத் தேட வேண்டாம். ஏன் இல்லை என்பதை அவருடைய இரண்டாவது மகனான நான் எழுதியே ஆகவேண்டும்.

அம்மா திருநெல்வேலியில் பிறந்தார். நாற்பத்தோரு வயதில் அப்பாவை இழந்தார். ஆசிரியை வேலை பார்த்து எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். படித்தோம், ஆளுக்கொரு திசையில் பறந்தோம். அண்ணன் லண்டன், தங்கை அமெரிக்காவின் மேற்குக் கரையில் சான் ரமோன், நான் கிழக்குக் கரையில் மான்மவுத் ஜங்ஷன். 1993-இல் என் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மா என்னோடே தங்கிவிட்டார்.

தங்கையின் திருமணத்துக்கு அண்ணன் வரவில்லை. அன்றிலிருந்து ஒருவர் வீட்டு வாசலை மற்றவர் மிதிப்பதில்லை. "மூணு பேரும் ஒரு வேளை ஒண்ணா உக்காந்து சாப்பிடுறதைப் பாத்துட்டாப் போதும்டா" என்பார் அம்மா. வேறு எதையும் அவர் எங்களிடம் கேட்டதில்லை. அவருடைய எழுபதாவது பிறந்தநாளைச் சாக்காக வைத்து, யார் வீடும் வேண்டாம், பொது இடமாக இருக்கட்டும் என்று இத்தாலியில் அந்த வீட்டைப் பத்து நாளுக்கு எடுத்தேன். ஏற்பாடெல்லாம் என் பொறுப்பு. அம்மா பருப்புப்பொடி திரித்தார், புளிக்காய்ச்சல் செய்தார், பெட்டியை நிறைத்தார்.

விமான நிலையத்தில் கவுன்டர் பெண் அம்மாவின் இந்தியப் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, இத்தாலி விசா எங்கே என்று கேட்டாள். எங்களுடையது அமெரிக்கப் பாஸ்போர்ட், விசா தேவையில்லை. அம்மாவுக்குத்தான் கிரீன் கார்டு இருக்கிறதே, அது போதும் என்று நினைத்த அறிவாளி நான்.

"நீங்க போயிட்டு வாங்க. யாரும் போகலைன்னா அதுங்க ரெண்டும் முகத்தைத் திருப்பிக்கிட்டுக் கெளம்பிரும்" என்றார் அம்மா. எங்களை வேனில் கொண்டுவந்து விட்ட பக்கத்து வீட்டு ஸ்டெல்லா ஆன்ட்டி, "அம்மா என்கூட இருக்கட்டும் தம்பி" என்றார். "பாட்டி, ஒய் ஆர்ன்ட் யூ கமிங்?" என்று என் மகள் அழுதாள். அரை மனதோடு போனேன் என்று எழுதினால் அது பொய். கேட் மூடிவிடுமே என்று ஓடினேன். அம்மாவை விட்டுவிட்டு அம்மாவின் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். பொடி அதில்தானே இருந்தது.

"யாருக்காக வந்தோமோ அவங்களையே விட்டுட்டு வந்திருக்கியே, நீயெல்லாம் ஒரு பிள்ளையா?" என்று முதல் நாளே அண்ணன் என் மீது பாய்ந்தார். "தங்கச்சி கல்யாணத்துக்கே வராதவங்க இதைப் பேச வேண்டாம்" என்றாள் தங்கை. அவ்வளவுதான். அண்ணன் தினமும் காரை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்ச் சாப்பிட்டார். தங்கை தட்டோடு மாடிக்குப் போய்விட்டாள். சுற்றிலும் திராட்சைத் தோட்டம், நல்ல வெயில். நான் அம்மாவின் பொடியைப் பிசைந்து தனியாகத் தின்றேன். கடைசி நாள் படத்துக்கு மட்டும் சேர்ந்து நின்றோம். சிரித்தும் வைத்தோம்.

திரும்பி வந்ததும், "மூணு பேரும் ஒண்ணா சாப்பிட்டீங்களா?" என்று அம்மா கேட்டார். "தினமும் சாப்பிட்டோம்மா" என்றேன். அம்மா அந்தப் படத்துக்குச் சட்டம் போட்டுக் கட்டிலருகில் வைத்துக்கொண்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கூசும். உண்மையைச் சொல்ல நான் துணிவதற்குள் அம்மா மாரடைப்பில் காலமானார்.

அம்மாவின் இறுதிக் காரியங்களில் துணைநின்ற அனைவருக்கும் நன்றி. நாங்கள் இத்தாலியில் இருந்த பத்து நாளும், சுத்த சைவமான அம்மாவுக்காகத் தன் வீட்டில் மீன் வாங்காமல் இருந்த ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு நன்றி சொல்லி மாளாது. பதினாறாம் நாள் நாங்கள் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தபோது அவர்தான் பரிமாறினார். "நீங்க இத்தாலில இருந்தப்ப, மத்தியானம் ரெண்டு மணி ஆனா அம்மா கடிகாரத்தைப் பாப்பாங்க. அங்க ராத்திரி எட்டு, இப்ப மூணு பேரும் சாப்பிட உக்காந்திருப்பாங்கன்னு சொல்லிட்டு, அப்புறம்தான் தன் தட்டுல கை வைப்பாங்க" என்றார்.

அண்ணன் குனிந்துகொண்டார். தங்கை தன் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்து அவர் இலையில் வைத்தாள்.

அம்மா, அன்று மூவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். இது பொய்யில்லை.