எஸ்தர் அண்ணி கடையில் இறங்காத மத்தியானம்

எஸ்தர் அண்ணியோடு வெளியூர் போகக் கூடாது என்று எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஓட்டலில் சாம்பார் ஆறிப்போயிருந்தால் நான் வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவேன். அவள் சமையற்கட்டு வரைக்கும் போய் நியாயம் கேட்டுவிட்டு வருவாள். மானம் போவது எனக்கு. இவ்வளவு தெரிந்தும் போன டிசம்பரில் அவளோடு தில்லிக்கு ரயில் ஏறினேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

நான் ஏஞ்சல், அவளுடைய நாத்தனார். சின்ன காஞ்சிபுரத்தில் ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறேன். என் அண்ணன் தேவசகாயத்தைக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். என்னைவிட மூன்றே வயது மூப்பு என்பதால் வா, போ என்றுதான் பேச்சு. ஏனாத்தூர் பக்கம் அவள் அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டு வளர்த்த பெண். நடவுக்கு வந்தவர்களை வரப்பில் உட்கார வைத்துத்தான் கஞ்சி ஊற்றுவார்களாம். பத்து வயதில் ஒரு நாள் இவள் மட்டும் குவளையைத் தூக்கிக்கொண்டு போய் நிலத்துக்காரர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து குடித்திருக்கிறாள். அதற்கு அம்மாவிடம் வாங்கிய அடியை இன்றைக்கும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

லாரி இடித்து அண்ணனுக்கு முழங்கால் போன பிறகு ஆட்டோவை அவள் எடுத்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ. பொம்பளைக்கு ஸ்டாண்டில் சவாரி முறை கிடையாது என்றார்கள். இவள் ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. வண்டியைக் கொண்டுபோய் ஸ்டாண்டு வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டுச் சாவியை ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டாள். எந்த வண்டியும் வெளியே போக முடியவில்லை. காலை எட்டு மணியிலிருந்து பதினோரு மணி வரைக்கும் உலகத்தில் உள்ள கெட்ட வார்த்தை அத்தனையையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சங்கத் தலைவர் சிட்டிபாபு தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டே வந்து, முறையைக் கொடுத்துத் தொலையுங்கள் என்றார். அது நடந்து பதினாறு வருடம். இப்போது சனி, ஞாயிறில் வெளியூர்க்காரர்களை ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகக் காட்டுகிறாள். அதற்கு வேண்டிய இந்தி அவளிடம் இருக்கிறது. இலக்கணம் கிடையாது, தொண்டை உண்டு.

அவள் மகள் சுகாசினி தில்லியில் நர்ஸ். மகளைப் பார்க்கத்தான் போனோம். என்னம்மா பார்க்கணும் என்று பெண் கேட்டதற்கு, தாஜ்மகால் என்றாள் அண்ணி. வேறு எதுவும் வேண்டாம், கடை வேண்டாம், மெட்ரோ வேண்டாம், அதை மட்டும் கிட்டப் போய் நின்று பார்க்க வேண்டும். சுகாசினிக்கு டூட்டி இருந்ததால் எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் கைடோடு போகும் ஒரு நாள் பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தாள். மறுநாள் எங்களுக்கு ஊர் திரும்ப ரயில். குளிர்காலத்தில் ஐந்து மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், அதற்குள் போய்விடுங்கள் என்று அவள் இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள்.

விடியற்காலையில் பஸ் கிளம்பியது. முப்பத்து மூன்று பேர். கைடு நாற்பது வயதுக்காரன், கழுத்தில் மஃப்ளர், வாயில் வெல்லம். அண்ணி அவனைப் பார்த்த பார்வையே சரியில்லை. எங்கள் தெருவில் புது மருமகளை மாமியார்கள் பார்க்கும் பார்வை அது.

ஆக்ரா கோட்டையை அவன் அரை மணி நேரத்தில் சுற்றிக் காட்டி முடித்தான். அடுத்து சாப்பாடு என்று ஓர் ஓட்டலில் இறக்கினான். ஒன்றேகால் மணி நேரம் ஆகியும் எழுப்புகிற வழியாகத் தெரியவில்லை. எனக்கு ரொட்டி நன்றாக இருந்தது, நான் என் பாட்டுக்குச் சாப்பிட்டேன். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஓட்டல்காரன் கைடிடம் காசு வாங்கவில்லை, பார்த்தாயா, இவன் நம்ம ஆளு என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மூன்று மணிக்கு பஸ் ஒரு பெரிய பளிங்குக் கடை முன்னால் போய் நின்றது. ஷாஜகான் காலத்தில் கல் பதித்தவர்களின் பரம்பரை இங்கே வேலை செய்கிறது, ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகலாம், வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று கைடு மைக்கில் சொன்னான். எல்லாரும் எழுந்தார்கள். நானும் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அண்ணி மட்டும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் சிரிப்பு போய்விட்டிருந்தது.

கைடு வந்து கூப்பிட்டான். வர மாட்டேன் என்றாள். பஸ்ஸைப் பூட்ட வேண்டும் என்றான். பூட்டிக்கொள் என்றாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான். ஊர் பேர் தெரியாத இடத்தில் இவள் ஆரம்பித்துவிட்டாளே என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஐந்து நிமிஷம்தானே அண்ணி, எறங்கு, எல்லாரும் பார்க்கிறார்கள் என்று கெஞ்சினேன்.

அண்ணி எனக்குக் கணக்காக விளக்கினாள். ஐந்து நிமிடம் என்றால் ஒன்றரை மணி நேரம். முதலில் கல் தேய்க்கிறதைக் காட்டுவார்கள், பிறகு டீ கொடுப்பார்கள், பிறகு மாடிக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி லைட்டை அணைத்துப் பளிங்கு மினுங்குவதைக் காட்டுவார்கள். வெளியே வரும்போது நாலரை. அப்புறம் வண்டி நிறுத்துகிற இடம், அங்கிருந்து பேட்டரி வண்டி, அதற்கு மேல் சோதனை வரிசை. ஐந்து மணிக்குள் எப்படிப் போவது? தனியாகப் போகலாம் என்றால் அத்தனை பேர் டிக்கெட்டும் அவன் செல்போனில் இருக்கிறது. கடைசியில் தூரத்தில் ஆற்றங்கரையில் நிறுத்தி, அதோ தெரியுது பாருங்க என்று கையைக் காட்டுவான், அதுதான் நமக்குத் தாஜ்மகால் என்றாள்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் செஞ்சிருக்கேன் ஏஞ்சலு. ஆறேழு வருஷம் இருக்கும். வயசான புருசன் பொண்டாட்டி, வடக்கத்திக்காரங்க. அந்தம்மாவால நடக்கவே முடியல. கோயிலுக்குப் போவணும், சாயங்காலம் ஃப்ளைட்டுன்னு சொல்லிக்கினே இருந்தாங்க. நான் மொதல்ல பொடவக் கடையில எறக்கிட்டேன். கடைக்காரன் விடல. நான் வெளிய நின்னு டீ குடிச்சிக்கினு இருந்தேன். கோயிலுக்குப் போயி நின்னா நடை சாத்திட்டாங்க. திரும்பத் தெறக்க நாலு மணி ஆவும். அந்தம்மா மூடுன கதவத் தொட்டுக் கும்பிட்டுட்டு வந்து வண்டில ஏறிக்கிச்சு. என்னை ஒரு வார்த்த கேக்கல. கடைக்காரன் குடுத்த கமிஷன நான் வாங்கிக்கினேன்."

இத்தனை வருடத்தில் அண்ணனிடம்கூட அவள் இதைச் சொன்னதில்லை. அன்றிலிருந்து கோயில் முடிந்த பிறகுதான் கடை என்று மாற்றிக்கொண்டாளாம். இதனால் இரண்டு கடைக்காரர்கள் இவள் வண்டியை உள்ளேயே விடுவதில்லையாம். வருமானம் குறைந்து ஆட்டோத் தவணைக்கு அவள் தடுமாறிய காலத்தில் அவளைப் பற்றி நான் என்னென்னவோ பேசியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"அந்தம்மாவ நான் நிக்க வெச்ச எடத்துல இன்னிக்கு இவன் என்னை நிக்க வெக்கப் பாக்குறான். நான் நிக்க மாட்டேன்," என்று சொல்லிக்கொண்டே அண்ணி எழுந்து பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

கடை வாசலில் கைடு நின்றிருந்தான். அவள் அவனிடம் போகவில்லை. நேராகக் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஐயம்பேட்டை ஐயம்பேட்டை என்று நம்ம பஸ் ஸ்டாண்டில் ஆள் கூப்பிடும் அதே தொண்டையில், இந்தியில் கத்தினாள். தாஜ்மகால் ஐந்து மணிக்குப் பந்த், மூடிவிடுவார்கள். ஐந்து மணிக்குப் பந்த். உள்ளே கல் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள்கூட மெஷினை நிறுத்திவிட்டார்கள். எங்கள் பஸ்ஸில் வந்தவர்கள் கையில் டீ கப்போடு திரும்பிப் பார்த்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்திருந்த ஒரு காலேஜ் பெண்தான் முதலில் செல்போனை எடுத்து நேரம் பார்த்தாள். அவள் வெளியே வர, அவள் குடும்பம் வர, பின்னாலேயே ஒரு குஜராத்தித் தம்பதி வந்தார்கள். கடை மேனேஜர் கைகூப்பிக்கொண்டே வாசலை மறித்தார். அண்ணி கதவை விடாமல் பிடித்தபடியே நின்றாள்.

கைடுக்கு முகம் சிவந்துவிட்டது. கம்பெனி போட்ட வரிசை இது, மாற்ற முடியாது, நீ யார் என்று எகிறினான். அங்கேதான் அண்ணி குரலை இறக்கினாள். அவனைத் தனியாக ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன், பயத்தில்.

அவள் சொன்னது பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. நானும் இந்தத் தொழில்தான், காஞ்சிபுரத்தில் ஆட்டோ. உனக்குக் கடைக்காரன் கொடுப்பது தலைக்கு இவ்வளவு என்று கணக்கு, நாங்கள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். கடை ராத்திரி வரைக்கும் திறந்திருக்கும், தாஜ்மகால் கதவு திறந்திருக்காது. முதலில் அங்கே கூட்டிப்போ. பிறகு இங்கே வரலாம். அவன் சிரித்தான். திரும்பி வரும்போது கால் வலிக்குது, குளிருது என்று ஒருத்தர்கூட இறங்க மாட்டார்கள், என் வயிற்றில் அடிக்காதே என்றான். அது உண்மைதான், எனக்கே அப்போது கால் வலித்தது.

முப்பத்து மூன்று பேரையும் நான் இறக்குகிறேன், அது என் பொறுப்பு என்றாள் அண்ணி. அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். அதற்குள் பாதிப் பேர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். வேறு வழியும் அவனுக்கு இல்லை.

நாலே முக்காலுக்கு உள்ளே போனோம். எங்களுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் பேர்தான்.

காலண்டரில் பார்த்ததேதான். ஆனால் இவ்வளவு பெரிசு என்று காலண்டர் சொல்லவே இல்லை. சிவப்பு வாசலைத் தாண்டியதும் நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன், காரணம் கேட்டால் தெரியாது. அண்ணி அழவில்லை. விறுவிறு என்று நடந்துபோய்ச் செருப்புக்கு உறை மாட்டிக்கொண்டு மேலே ஏறி, இரண்டு கையையும் பளிங்குச் சுவரில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பிறகு படியில் உட்கார்ந்துகொண்டு கைடைக் கூப்பிட்டாள். அவன் செல்போனில் பேசிக்கொண்டிருந்தான். போனை வைத்துவிட்டுக் கதை சொல்லச் சொன்னாள், அதுதானே உன் வேலை என்றாள்.

அவன் வேண்டாவெறுப்பாகத்தான் ஆரம்பித்தான். போகப் போகச் சூடு பிடித்துவிட்டது. எங்கிருந்து கல் வந்தது, எத்தனை வருடம் ஆனது, எந்தப் பூவில் எத்தனை துண்டுக் கல் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். மெய்யாகவே விஷயம் தெரிந்தவன். மும்தாஜ் பதினாலாவது பிள்ளை பெறும்போது செத்தாள் என்றதும் அண்ணி அவனை நிறுத்தினாள். பதினாலா என்று இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள். உயிரோடு இருக்கும்போது அந்தம்மாவுக்கு ஒரு வருஷம் ஓய்வு கொடுத்திருக்கலாம், இவ்வளவு கல் செலவு மிச்சம் என்றாள். கல்கத்தாப் பெண் அதைக் கேட்டு இருமல் வரும் வரைக்கும் சிரித்தாள். காவலர்கள் விசில் ஊதி விரட்டுகிற வரைக்கும் அண்ணி அந்தப் படியை விட்டு எழுந்திருக்கவில்லை.

திரும்பி வரும்போது கைடு சொன்னதுதான் நடந்தது. நேராகத் தில்லிக்கு விடு என்று பஸ்ஸே முணுமுணுத்தது. அண்ணி எழுந்து நடுவில் நின்றாள். கடை முன்னால் பஸ் நின்றதும் ஒவ்வொரு சீட்டாகப் போய் எழுப்பினாள். தூங்குவது மாதிரி நடித்த குஜராத்திக்காரரைத் தோளில் தட்டினாள். நீங்க பார்த்தது பார்த்தாச்சு, இப்போ அவன் பிழைப்பு, இறங்குங்க என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என் கால் இரண்டும் கழன்று விழுகிற நிலையில் இருந்தது. என்னைக் கையைப் பிடித்து இழுத்தேவிட்டாள். முப்பத்து மூன்று தலையையும் வாசலில் நின்று எண்ணி உள்ளே அனுப்பினாள். நான் ஒரு சின்னப் பளிங்கு யானை வாங்கித் தொலைத்தேன்.

பஸ் ஏறுகிற சமயத்தில் கைடு வந்தான். அண்ணியைப் படிக்குப் பக்கத்தில் நிறுத்தி, மடித்த நோட்டுகளை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினான். பாதி உனக்கு, நாமெல்லாம் ஒரே தொழில் என்றான். இந்தத் தடவை கிண்டல் இல்லை, மரியாதையோடுதான் சொன்னான். என் கண் அந்த நோட்டிலேயே இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அண்ணி அவன் கையைப் பிரித்து நோட்டைத் திரும்ப வைத்தாள். அவளுக்கு இருந்த இந்தி போதவில்லையோ என்னவோ, தமிழிலேயே சொன்னாள்.

"இத்தினி வருஷத்துல இன்னிக்கு ஒரு நாள்தான்பா நான் பாசஞ்சரு. அத்தயும் இன்னாத்துக்கு என்கிட்ட இருந்து புடுங்குற?"

அவனுக்கு என்ன புரிந்ததோ, பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் ஏறுவதற்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.