இடது பக்கத்து வாஷர்கள்

என் நண்பனும் நானும் ரிமோட்டில் பறக்கும் குட்டி விமானங்கள் செய்கிறவர்கள். கல்லூரியில் தொற்றிய வியாதி. தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் விடவில்லை. சிறகு, வால், பெயின்ட், பறக்கவிடுவது எல்லாம் அவன். என்ஜின் மாட்டுவது நான். இதை யாரும் பேசி வைத்ததில்லை. விமானம் தயாரானதும் பெருங்களத்தூரில் இருக்கும் என் ஃபிளாட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருவான். சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "மூக்கைப் பாருடா" என்பான். என் மனைவி முணுமுணுத்தபடி தட்டுகளைத் தரைக்கு மாற்றுவாள்.

என்ஜின் மாட்டுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. நேராக மாட்டினால் விமானம் நேராகப் போகாது. ப்ரொப்பெல்லர் சுற்றுகிற வேகத்தில் மூக்கு இடது பக்கம் இழுக்கும். எங்கள் முதல் விமானம் அப்படித்தான் போய்க் கருவேல முள்ளில் செருகிக்கொண்டது. அதிலிருந்து, என்ஜின் தாங்கிக்கும் மூக்குப் பலகைக்கும் நடுவே, இடது பக்கத்து இரண்டு போல்ட்டுகளில் மட்டும் தலா ஒரு வாஷர் கொடுப்பேன். என்ஜின் துளி வலப்பக்கம் பார்க்கும். விமானம் நேராகப் போகும். எவ்வளவு தடிமன் என்பது என் விரலுக்குத் தெரியும்.

இந்த வருடம் அவன் பெரிதாக ஒரு பெட்ரோல் என்ஜின் வாங்கினான். மேசையைக் காலி செய்து வைத்துக் காத்திருந்தேன். ஆளைக் காணோம். போன் செய்தேன்.

"அது மாட்டியாச்சு மச்சான். இப்ப கொஞ்ச நாளா நம்மகூடப் பறக்கவிட வர்றாரே, திருமுடிவாக்கத்துல பட்டறை வெச்சிருக்காரே, அவரே செஞ்சு குடுத்துட்டாரு. பெரிய டிரில்லிங் மெஷினே இருக்கு. நீ எதுக்குடா கஷ்டப்படணும்?"

கஷ்டம் என்று நான் எப்போது சொன்னேன்? எனக்கு வயிறு எரிந்தது. அவன் என்னைக் கேட்காமல் வீட்டை விற்றிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. நேற்று வந்த ஆளுக்கு மூக்கைக் கொடுத்துவிட்டான்.

"விடுங்களேன், இனிமேலாவது மேசைல சாப்பிடலாம்" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது சட்டைப்பையில் இரண்டு வாஷர்களைப் போட்டுக்கொண்டேன். பட்டறைக்காரர் நேராகத்தான் மாட்டியிருப்பார். பட்டறையில் நேர்கோடுதான் தெய்வம். விமானம் இடது பக்கம் இழுக்கும். நண்பன் என்னைத் திரும்பிப் பார்ப்பான். நான் அலட்டிக்கொள்ளாமல் பையில் கைவிடுவேன். விமானம் நொறுங்க வேண்டாம், கொஞ்சம் தடுமாறினால் போதும் என்று குன்றத்தூர் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். இதைவிட மோசமான வேண்டுதல்களையும் அவர் கேட்டிருப்பார்.

தாம்பரத்தில் நிஜ விமானங்களே பறப்பதால் நாங்கள் படப்பை தாண்டி ஒரு வறண்ட ஏரிக்குப் போகவேண்டும். எப்போதும் நண்பன் என் பைக்கின் பின்னால், விமானத்தை மடியில் அணைத்துக்கொண்டு வருவான். அன்று பட்டறைக்காரரின் காரிலிருந்து இறங்கினான். விமானத்தின் மூக்கில் ஒரு கறுப்பு மைப்பொட்டு.

"வீட்ல வெச்சு அனுப்பினா. கண்ணு படக்கூடாதாம்" என்று சிரித்தான்.

படக்கூடாத கண் அவனுக்கு எதிரிலேயே நின்றிருந்தது.

பட்டறைக்காரர் கள்ளம் கபடம் இல்லாத மனிதர். அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது. "வாங்கண்ணா, நீங்க ஒரு தபா பாத்துடுங்க" என்றார். குனிந்து பார்த்தேன். பளபளவென்று அலுமினியத் தாங்கி, ஒரு பிசிறு இல்லை. இடது பக்கம் பார்த்தேன். வாஷர்கள் இருந்தன. நான் கொடுக்கிற அதே தடிமன்.

"அத்த உங்க ஃபிரெண்டுதான் சொன்னாருண்ணா. நான் பாட்டுக்கு ஸ்ட்ரெய்ட்டா மாட்டிக்கினு இருந்தேன்" என்றார்.

வேலையைக் கொடுத்தது போதாதென்று, வித்தையையும் சீர்வரிசை மாதிரி கூடவே வைத்து அனுப்பியிருக்கிறான்.

விமானம் ஓடியது, எழும்பியது. இழு, கொஞ்சமாவது இழு என்று மனசு கெஞ்சியது. அது நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது. நண்பன் வானத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினான்: "மச்சான், பாத்தியா! எல்லாம் உன் வாஷர்தான்டா!"

அவன் மனசாரத்தான் சொன்னான்.

இறங்கியதும் விமானம் காரின் பின்சீட்டுக்குப் போனது. "நீ பைக்ல வந்துடுடா" என்று சொல்லிவிட்டு அவன் முன்சீட்டில் ஏறிக்கொண்டான். சாவிக்காகச் சட்டைப்பையில் கைவிட்டேன். வாஷர்கள்தான் முதலில் வந்தன. எறியலாம் என்று கையை ஓங்கினேன். மனசு வரவில்லை, திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மேசையில் தட்டு போட்டுச் சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள்.