நான் தலைகீழாகப் பிடித்த படம்

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வரை படித்தவள் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் சீட்டுதான். மறதி வேறு. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிடுவேன். ஆனால் இந்தப் படத்தைப் பற்றி வாயால் யாரிடமும் சொல்ல வரவில்லை. நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை எனக்கு. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

படம் என்றால் சாமி படம் இல்லை. உள்ளங்கையை விடக் கொஞ்சம் நீளமான ஒரு சீட்டு. என் மகள் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போனபோது, ஹாஸ்டலில் கூட இருந்த பெண் ஒரு கட்டுச் சீட்டு கொடுத்தாளாம். டாரட் என்று பெயர். கிளி ஜோசியச் சீட்டு மாதிரிதான். கிளிக்குப் பதிலாக நாமே எடுக்க வேண்டும். கல்யாணமாகி வந்த பிறகும் அவள் காலையில் ஒன்று எடுத்து, போனில் அதற்கு என்ன அர்த்தம் என்று பார்ப்பாள். எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை, வெறுப்பும் இல்லை.

மருமகன் சேலத்துக்குத் தக்காளி ஏற்றிப் போகும் சின்ன வண்டி ஓட்டினார். தொப்பூர் இறக்கத்தில் பின்னால் வந்த லாரி நிற்காமல் வந்து இடித்துவிட்டது. உயிர் தப்பியது. வலது கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் விரல்களெல்லாம் கறுத்திருந்தன. டாக்டர் மகளைக் கூப்பிட்டார். நானும் பின்னால் போய்க் கதவோரம் நின்றேன்.

“முட்டிக்குக் கீழ எடுத்துட்டா முட்டி தப்பிச்சுக்கும்மா. முட்டி இருந்தா பின்னால செயற்கைக் கால் போட்டுக்கிட்டு நல்லாவே நடக்கலாம். யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க. ரொம்ப நேரம் எடுத்துக்காதீங்க” என்றார்.

மருமகனைக் கேட்கலாம் என்றால் ஊசி மயக்கம். கண் திறந்தபோது, “அத்தை, தக்காளியெல்லாம் ரோட்டுல கொட்டிப்போச்சா?” என்று கேட்டுவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். அவருக்குத் தாய் தகப்பன் இல்லை. என் வீட்டுக்காரரும் போய்ச் சேர்ந்துவிட்டார். முடிவு சொல்ல நாங்கள் இரண்டு பேர்தான்.

மகள் வராந்தாவில் தரையில் உட்கார்ந்து பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தாள். கண்ணை மூடி ஒன்றை உருவினாள். பார்த்ததும் அவள் முகம் சுருங்கிப்போனது.

எதிரில் பென்னாகரத்துக்காரம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்த புருஷனுக்குத் துணைக்கு வந்தவள். வாய் சும்மா இருக்காது. “என்னா ஆயா, உன் மவ ஆஸ்பத்திரியில சீட்டாட உக்காந்துட்டா? ஜோக்கர் வுழுந்துச்சா?”

“ஜோக்கர் நாந்தாங்கக்கா” என்றாள் மகள், தலை நிமிராமலே.

“போன்ல என்ன போட்டிருக்குது பாப்பா?” என்றேன் நான்.

“காத்திருன்னு போட்டிருக்குதும்மா. அவசரப்படாதன்னு. அதே படத்துக்கு இன்னொருத்தர், எதையாச்சும் விட்டுக்குடுத்தாத்தான் மிச்சம் கெடைக்கும்னு போட்டிருக்காங்க. நான் எத எடுத்துக்கறது?” சீட்டை என் கையில் வைத்தாள். “நீ பாரு. உனக்கு என்ன தெரியுது?”

உனக்கு என்ன தெரியுது என்று என்னை அதுவரை யாரும் கேட்டதில்லை. நிலம் விற்றபோது கேட்கவில்லை, இவளைக் கட்டிக்கொடுத்தபோதும் கேட்கவில்லை. சீட்டின் ஒரு ஓரத்தில் இங்கிலீஷ் எழுத்து இருந்தது. எனக்கு அது தெரியாது. எது மேல், எது கீழ் என்று பார்க்கவும் தோன்றவில்லை. கண்ணுக்குச் சரியாகப் பட்ட பக்கமாகப் பிடித்தேன்.

இலை துளிர்த்த மரக்கட்டை மேல் ஒருவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். நீலச் சட்டை, சிவப்புக் கால்சட்டை. இன்னொரு காலை மடக்கிப் பின்னால் வைத்திருக்கிறார். தலையைச் சுற்றி மஞ்சள் வெளிச்சம்.

எங்கள் பக்கம் பாரதக் கூத்தில் அர்ச்சுனன் தபசு என்று ஒரு நாள் உண்டு. பனை உயரத்துக்குக் கம்பம் நட்டிருப்பார்கள். வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறி உச்சியில் நின்று தவம் பண்ணுவார். பிள்ளை இல்லாத பெண்கள் ஈரப் புடவையோடு அடியில் படுத்துக் கிடப்போம். மேலிருந்து எலுமிச்சம்பழம் வீசுவார். நான் மூன்று வருஷம் படுத்தேன். மூன்றாம் வருஷம் பழம் என் மேல் விழுந்தது. அடுத்த வருஷம் பிறந்தவள்தான் இந்த மகள். அப்படி இருக்க, எனக்கு வேறு என்ன தெரியும்?

“தபசு பாப்பா. ஒத்தக் கால்ல மரத்து மேல நிக்கறாரு பாரு. வரம் வாங்காம எறங்க மாட்டாரு. காலு தங்கிடும்” என்றேன்.

அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். பிறகு எழுந்து போய் நர்ஸிடம், “நாளைக்குக் காலையில சொல்றங்க்கா” என்றாள்.

அன்று சாயங்காலம் போர்வையை விலக்கிப் பார்த்தேன். கறுப்பு பாதத்துக்கு ஏறியிருந்தது. டாக்டரிடம் போய்ச் சொல்லலாம் என்று இரண்டு தரம் அந்தக் கதவு வரை போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் இரண்டு தரமும் திரும்பிவிட்டேன். “எங்க ஆயா நடந்துக்கிட்டே கெடக்கற? உக்காரு” என்றாள் பென்னாகரத்துக்காரம்மா. உட்கார்ந்தேன்.

விடிந்தபோது மருமகனுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. வீக்கம் முட்டியைத் தாண்டியிருந்தது. டாக்டர் எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “இனி முட்டிக்கு மேலதாம்மா” என்றார். மகள் சீட்டு எதுவும் எடுக்கவில்லை, என்னையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டாள். அழுத்தியதில் காகிதம் கிழிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் சீட்டுக்கட்டை எங்கேயோ போட்டுவிட்டாள். இந்த ஒரு சீட்டை மட்டும் நான் எடுத்து ரேஷன் கார்டு உறையில் வைத்துக்கொண்டேன். ஒரு நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, கட்டிலில் இருந்த மருமகன் எட்டிப் பார்த்தார்.

“அத்தை, தலைகீழா வச்சிருக்கீங்க. எழுத்து கீழ வரணும்.” வாங்கித் திருப்பிக் கொடுத்தார்.

மரம் மேலே போய்விட்டது. அந்த மனிதர் ஒரு காலில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தார். தபசில் நிற்பவருக்குக் கை தலைக்கு மேல் கூப்பியிருக்கும். இவருக்கு இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அன்றைக்கும் அது அங்கேதான் இருந்திருக்கும். என் கண்ணில் படவில்லை.

“பரவால்ல, இவருக்கும் ஒரு காலுதான் வேல செய்யுது. ஆனா மூஞ்சியப் பாருங்க, வலிக்கற மாதிரியே இல்ல” என்று சிரித்தார் மருமகன்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் அடுப்பைப் பார்த்தாள். நான் தலைகீழாகப் பிடித்திருந்தது அன்றைக்கே அவளுக்குத் தெரியும் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஏன் திருப்பிவைக்கவில்லை என்று இன்று வரை கேட்கவில்லை. அவளுக்கும் அப்படியே பார்க்க வேண்டும் போல இருந்ததோ என்னவோ.

செயற்கைக் காலுக்கு அளவெடுக்கப் போனபோது அங்கிருந்தவர், “முட்டி இருந்திருந்தா சுளுவா இருந்திருக்கும்ணா” என்றார். “என்னங்க பண்றது, என் நேரம்” என்றார் மருமகன். நாங்கள் ஒரு நாள் தள்ளிப்போட்டது அவருக்குத் தெரியாது. மகளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது கம்பு ஊன்றி வாசல் வரை வருகிறார். படியிறங்க என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். ஒவ்வொரு தரமும் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். படி இறங்கி முடிந்துவிடுகிறது.

இதை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறேன். அதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்கள் இரண்டை மட்டும் சரிபார்த்துச் சொல்லுங்கள். படத்தில் கயிறு கட்டியிருப்பது வலது காலா, இடது காலா. ஆள் தலைகீழாக இருப்பதால் எனக்குப் பிடிபடவில்லை. இன்னொன்றை டாக்டர் யாரிடமாவது கேட்க வேண்டும். மூன்றாம் நாள் விரல்தான் கறுத்திருந்தது. அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருந்தால் முட்டி தப்பியிருக்குமா, இல்லை அப்போதே கறுப்பு உள்ளுக்குள் ஏறிப்போயிருந்ததா? டாக்டர் அன்று சொன்னதை நான் சரியாக எழுதியிருக்கிறேனா என்பதும் எனக்கு நிச்சயமில்லை. கேட்டுச் சொல்லுங்கள். அதன் பிறகு அவரிடம் படித்துக் காட்டுகிறேன்.