முன்னால் இருந்த ஏழு

என் மனைவி குரும்பலூரில் கணக்கு டீச்சராக இருந்தவள். அவளுக்குப் பிடித்த எண் 73939133. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண் அது. கடைசி இலக்கத்தை எடுத்துவிட்டாலும் மீதி பகா எண்தான். 7 மட்டும் மிஞ்சும்வரை இப்படியே எடுத்துக்கொண்டு போகலாம்.

மறதி நோய் வந்தபோது அவளுக்கும் கடைசியாக நடந்தவைதான் முதலில் போயின. நேற்றுச் சாப்பிட்டது, பிறகு பேரன் பிறந்தது, பிறகு பெரம்பலூரில் வீடு கட்டியது. எதையும் தேதியோடு நினைவு வைப்பவன் நான். அரியலூர் ஸ்டேஷனில் நாங்கள் முதலில் பேசிய நாள்தான் எங்களுடைய 7, அது கடைசிவரை இருக்கும் என்று நம்பினேன்.

ஒரு நாள் காலையில், வழக்கம்போல, "உன் நம்பரச் சொல்லு டீச்சர்" என்றேன்.

"மூணு, ஒம்பது, மூணு, ஒம்பது, ஒண்ணு, மூணு, மூணு."

"முன்னாடி ஏழு எங்க?"

"ஏழெல்லாம் இல்லீங்க சார். உங்க வூட்டுல தேட மாட்டாங்களா? பஸ் போயிடும், கெளம்புங்க."

அவள் சொன்ன எண்ணை வகுத்துப் பார்த்தேன். பதினொன்றால் மீதியில்லாமல் வகுபட்டது. பின்னாலிருந்து இழந்தால் தாங்கும் எண், முன்னால் இழந்தால் தாங்காது என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போதும் தினமும் அவளுக்குத் தேதி சொல்கிறேன். எண்ணைக் கேட்பதில்லை. "சார்" என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.