மழைக்காக வைத்திருந்த வேலை

எங்கள் தெருவில் மழைக்கென்று ஒரு வேலை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். போடிமெட்டுப் பக்கம் மலை கறுத்தால் போதும், வீட்டுக்கு வீடு கதவு திறக்கும். நாள்கணக்காக மூட்டை கட்டி வைத்திருந்ததெல்லாம் வாசலுக்கு வரும். கோழிக் கழிவு, பிள்ளைக்கு மாட்டிய டயப்பர், சுவருக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட், பைக்கில் மாற்றிய ஆயில். மழை கொஞ்சம் வலுத்ததும் மழைநீர்க் கால்வாயில் கவிழ்த்துவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். குப்பை வண்டி தினமும் காலையில் விசிலடித்துக்கொண்டுதான் வருகிறது. அதில் போட மட்டும் யாருக்கும் கை வராது.

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"மழை அடிச்சுட்டுப் போயிரும்ணே, நீங்க ஏன் கெடந்து கத்துறீங்க?" என்பாள் எதிர்வீட்டுக்காரி.

"எங்க போகுமாம்? ஆகாசத்துக்கா?"

கால்வாய் தெருமுனையில் ஓடையில் விழுகிறது. ஓடை கிழக்கே போகிறது. அந்த ஓடைக்கரையில்தான் என் தங்கச்சியின் வீடும் மாட்டுக் கொட்டமும். புருஷன் இறந்த பிறகு ஒரே ஒரு கறவை மாட்டை வைத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். இதைச் சொல்லியும் தெருவோடு சண்டை போட்டிருக்கிறேன்.

போன ஐப்பசியில் மலையில் இருக்கும் என் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பூச்சிமருந்து அடிக்கப் போனேன். பாதித் தோட்டம்கூட முடியவில்லை, மழை பிடித்துக்கொண்டது. மழையில் அடித்தால் மருந்து இலையில் நிற்காது. கலக்கிய மருந்தில் கால் டிரம் மிஞ்சிவிட்டது. டிரம் இரவல் வாங்கியது, மறுநாள் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மிஞ்சியதை மழை விட்டதும் தோட்டத்திலேயே அடித்துத் தீர்க்க வேண்டும், டிரம் கழுவிய தண்ணீரைக்கூடக் கீழே கொண்டுபோகக் கூடாது என்று மருந்துக்கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் தலையாட்டிவிட்டு வருவேன். அன்றைக்கு ஜீப்புக்காரர் வேறு ஹாரன் அடித்து உயிரை வாங்கினார்.

"வெரசா ஏறுங்கண்ணே, மண்ணு சரிஞ்சா ரோட்ட அடைச்சுருவாய்ங்க!"

டிரம்மை அப்படியே மூடி, ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

கீழே எங்கள் ஊர் போடியிலும் மழை. கால்வாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று டிரம்மைச் சாய்த்தேன். வெள்ளையாகக் கொஞ்ச தூரம் போய், கலங்கல் தண்ணீரோடு கலந்துவிட்டது. இரண்டு தடவை அலசியும் ஊற்றினேன். இத்தனை தண்ணீரில் இது என்ன செய்துவிடப் போகிறது என்றுதான் தோன்றியது. எதிர்வீட்டுக்காரி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளாவது கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

மறுநாள் காலையில் தங்கச்சி போன் செய்தாள். ஓடைத் தண்ணீர் ஏறிக் கொட்டத்துப் பக்கத்துக் குழியில் தேங்கியிருந்ததாம். அதைக் குடித்த மாடு வாயில் நுரை தள்ளிப் படுத்துவிட்டதாம்.

"மருந்துத் தண்ணியக் குடிச்சிருக்குன்னு டாக்டர் சொல்றாருண்ணே. உங்க தெருத் தண்ணிதான இங்க வருது? எந்த வீட்டுக்காரன்னு கேட்டுச் சொல்லுண்ணே. நீதான் எல்லாரையும் கேக்குற ஆளு."

எங்கள் தெருவில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் வீடு இன்னும் மூன்று இருக்கிறது. அந்த மூன்று வீடும் வரிசையாக என் நாக்கு நுனியில் வந்து நின்றன. சொன்னால் நம்பியும் இருப்பாள். என் மேலேயே எனக்கு எரிச்சலாக வந்தது.

"நாந்தான் ஆத்தா ஊத்துனேன்" என்றேன்.

போனில் மாடு மூச்சிரைப்பது கேட்டது.

"அப்ப வா," என்றாள். "இன்னொரு ஊசி போடணுமாம். மாட்டப் பிடிக்க ஆளில்ல."